ஆட்டத்தில் போனதும் பையிலிருந்து போனதும்

(இணைய விளையாட்டுகளில் உடைமை, திருட்டு, பொறுப்பு என்னும் பொருளில் சட்ட மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வக்கீலைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் கேமைப் பற்றிப் பேசுங்கள் என்று சொன்ன முதல் கல்லூரி உங்களுடையது. இருபது வருஷத்துக்கு முன்னால் பிரௌசிங் சென்டரில் நான் தொலைத்த மாலைப்பொழுதுகளுக்கு இன்றைக்குத்தான் ஒரு உபயோகம் வந்திருக்கிறது. என் அப்பா இருந்திருந்தால் முன்வரிசையில் உட்காரவைத்திருப்பேன்.

நேராக வழக்குக்கு வந்துவிடுகிறேன். 2007ஆம் ஆண்டு. நெதர்லாந்தின் வடபகுதியில் லீவார்டன் என்று ஓர் ஊர். அங்கே 13 வயதுப் பையன் ஒருவன் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேம் ஆடிக்கொண்டிருந்தான். அவனைவிடக் கொஞ்சம் மூத்த இரண்டு பையன்கள், ஒருவனுக்கு 15, இன்னொருவனுக்கு 14, அவனைப் பிடித்து உதைத்தார்கள். கத்தியைக் காட்டி மிரட்டினார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து அவனுடைய கணக்கைத் திறக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு வேண்டியது பணம் இல்லை, சைக்கிள் இல்லை. கேமுக்குள் அவன் வைத்திருந்த ஒரு தாயத்தும் ஒரு முகமூடியும். இரண்டையும் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடித்தது குற்றம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. திருட்டு நடந்ததா என்பதுதான் கேள்வி. பையன்கள் தரப்பு வக்கீல் மூன்று வாதங்களை வைத்தார். நானாக இருந்தாலும் அதே மூன்றைத்தான் வைத்திருப்பேன். ஒன்று, தாயத்து என்று எதுவும் கிடையாது. திரையில் தெரியும் படம், சர்வரில் இருக்கும் தகவல், அவ்வளவுதான். இரண்டு, அப்படியே ஒரு பொருள் இருந்தாலும் அது கேம் நடத்தும் நிறுவனத்தின் சொத்து, அந்தப் பையனுடையது இல்லை. மூன்று, அடுத்தவன் பொருளைப் பறிப்பதே அந்த ஆட்டத்தின் ஒரு பகுதிதானே?

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 ஜனவரி 31 அன்று தீர்ப்பு வந்தது. திருட்டுதான் என்றது நீதிமன்றம். தாயத்தையும் முகமூடியையும் அந்தப் பையன் நேரமும் உழைப்பும் போட்டுச் சம்பாதித்திருக்கிறான். அவனுக்கு அவை மதிப்புள்ளவை. அவற்றைக் கையாளும் அதிகாரம் அவன் ஒருவனிடமே இருந்தது. அந்த அதிகாரம் அவன் கையைவிட்டுப் போன பிறகுதான் இவர்கள் கைக்கு வந்தது. ஒரு பாட்டை நகல் எடுத்தால் மூலப்பாட்டு உரியவரிடமே இருக்கும். இங்கே அப்படி இல்லை, ஒருவனுக்குக் கிடைத்தால் மற்றவனுக்குப் போய்விடுகிறது. காகிதத்தில் சொந்தக்காரர் நிறுவனமாக இருக்கலாம், அதனால் திருடியவன் தப்பிக்க முடியாது.

மூன்றாவது வாதத்துக்கு நீதிமன்றம் சொன்ன பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தப் பறிப்பு ஆட்டத்துக்கு உள்ளே நடக்கவில்லை, வெளியே நடந்தது. ஆட்டத்தின் விதி இப்படிப் பறிக்க அனுமதிக்கவில்லை.

இது நம் தெருவில் எல்லாப் பையன்களுக்கும் தெரிந்த சட்டம். கோலி ஆடுகிறோம். ஜெயித்தவனுக்குத்தான் கோலி என்று பேசிக்கொண்டு ஆடுகிறோம். குழிக்குப் பக்கத்தில் என் கோலியை நீ அடித்து எடுத்தால் நான் அழலாம், ஆனால் திருடன் என்று சொல்ல முடியாது. அதே கோலியை என் டவுசர் பையிலிருந்து எடுத்தால் கதை வேறு. கோலி ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். போன வழி மட்டும் வேறு.

டச்சு நீதிமன்றம் இந்த இடத்துக்கு வருவதற்கு ஒரு பழைய படிக்கட்டு இருந்தது. 1921இல் ஹேக் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர் மீட்டரை ஓடவிடாமல் செய்து மின்சாரம் எடுத்த வழக்கு. தொட முடியாத மின்சாரம் ஒரு பொருளா என்ற கேள்விக்கு, ஆம், அதையும் திருட முடியும் என்று அன்றே சொல்லிவிட்டார்கள். தொண்ணூறு வருஷம் கழித்து மின்சாரம் இருந்த இடத்தில் தாயத்தை வைத்தார்கள்.

நம் நாட்டில் அந்தப் படிக்கட்டு வேறு பக்கம் போனது. அவ்தார் சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று படித்திருப்பீர்கள். படிக்கவில்லையென்றால் இன்று இரவு படியுங்கள், தேர்வில் வரும். மின்சாரத்தை எடுப்பது தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவின்படி திருட்டு இல்லை, மின்சாரச் சட்டம் அதைத் திருட்டாகக் கருதச் சொல்வதால் மட்டுமே அது குற்றம் என்றார்கள். காரணம், பழைய சட்டத்தின் 22ஆம் பிரிவு அசையும் சொத்து என்பதற்குக் கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய பருப்பொருள் என்று எல்லை கட்டியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே விளக்கத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் பிரிவின் 21ஆம் உட்பிரிவு. மற்ற வாசகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பருப்பொருள் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் காணோம். என் பார்வையில் கேமில் இருக்கும் வாளும் கேடயமும் இனி திருட்டுக்கான 303ஆம் பிரிவின் வாசல் வரை வந்து நிற்கலாம். கதவைத் திறக்கப்போவது உங்களில் யாராவது ஒருவராக இருக்கட்டும்.

சரி, ஆட்டத்துக்கு வெளியே நடக்கும் திருட்டைப் பார்த்தோம். ஆட்டத்துக்கு உள்ளேயே திருட்டை ஒரு தொழிலாக வைத்திருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? 1997 செப்டம்பரில் வெளிவந்த அல்டிமா ஆன்லைன் அப்படிப்பட்டது. தச்சன், கொல்லன், தையற்காரன் என்று தொழில் தேர்ந்தெடுப்பதுபோல அங்கே திருடனாகவும் ஆகலாம். அடுத்தவன் பையை எட்டிப்பார்ப்பது ஒரு தேர்ச்சி, அதிலிருந்து எடுப்பது இன்னொரு தேர்ச்சி. பழகப் பழகக் கை சுத்தமாகும். ஊருக்குள் பிடிபட்டால், பறிகொடுத்தவன் காவலர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை தட்டச்சு செய்ய வேண்டும். காவலன் அந்த நொடியே தோன்றி ஒரே வெட்டில் திருடனை முடித்துவிடுவான். விசாரணை, ஜாமீன், வாய்தா எதுவும் கிடையாது. நம் தொழிலுக்கு அந்த உலகத்தில் இடமே இல்லை.

ஊர் எல்லையைத் தாண்டினால் அந்தக் காவலனும் கிடையாது. அங்கே ஆளைப் போடுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்தவர்களைப் பி.கே. என்பார்கள். ஐந்து அப்பாவிகளைக் கொன்றதாகப் புகார் சேர்ந்தால் பெயர் சிவப்பாகிவிடும். அப்பாவிக்கு நீலம், குற்றவாளிக்குச் சாம்பல், கொலைகாரனுக்குச் சிவப்பு. செத்தவனின் உடல் அங்கேயே கிடக்கும், அதிலிருந்து யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். வீட்டுச் சாவியைப் பையில் வைத்திருந்தவன் செத்தால் வீடும் போச்சு. சாவி வைத்திருப்பவனுக்குத்தான் வீடு திறக்கும். அந்தச் சாவியும் திருடக்கூடிய ஒரு பொருள்தானே.

இந்த உலகத்தைப் படைத்தவர் ரிச்சர்டு காரியட். உள்ளே அவருக்கு லார்டு பிரிட்டிஷ் என்று பெயர், அவர்தான் ராஜா. சோதனை ஓட்டத்தின்போது 1997 ஆகஸ்டில் அவர் மக்கள் முன்னால் தோன்றிப் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ரெய்ன்ஸ் என்ற பெயரில் ஒரு திருடன். பக்கத்திலிருந்தவர்களின் பைகளைத் துழாவியதில் தீ மந்திரச் சுருள் ஒன்று அவன் கையில் மாட்டியது. சும்மா இருக்காமல் ராஜா நின்ற இடத்தில் அதை வீசினான். சாகாவரம் பெற்ற ராஜா. ஆனால் சர்வர் நின்று திரும்ப ஓடியபோது அந்தச் சாகாவரத்தை மறுபடியும் போட அவர் மறந்திருந்தார். செத்துப்போனார். பிறகு ரெய்ன்ஸின் கணக்கை வேறு காரணம் சொல்லி நீக்கினார்கள். விதிப்படி ஆடியவன்மேல் விதி எழுதியவருக்கு வந்த கோபம் என்றுதான் அன்று பலர் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அல்டிமாவின் தலைமை வடிவமைப்பாளர் ராஃப் கோஸ்டர், மக்கள் தாங்களாகவே ஒன்றுசேர்ந்து கொலைகாரர்களை அடக்குவார்கள் என்று எதிர்பார்த்தார். நடந்தது என்னவென்றால், புதிதாக வந்தவர்கள் இரண்டு தடவை செத்துவிட்டு வெளியே போனார்கள். 2000ஆம் ஆண்டில் உலகத்தையே இரண்டாக நகல் எடுத்துப் பிரித்தார்கள். ஒன்றின் பெயர் ஃபெலுக்கா, அங்கே பழைய சட்டம். இன்னொன்று டிராமல், அங்கே விரும்பாதவன்மேல் கைவைக்க முடியாது. பெருங்கூட்டம் டிராமலுக்குக் குடிபெயர்ந்தது. அதற்காக மக்களுக்கு ஆபத்தே பிடிக்காது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ரூன்ஸ்கேப்பில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கொல்லும் காட்டுப் பகுதிச் சண்டையை 2007 டிசம்பரிலும் தாராளமான கொடுக்கல் வாங்கலை 2008 ஜனவரியிலும் நிறுத்தினார்கள். திருட்டு கிரெடிட் கார்டும் காசுக்குப் பொருள் விற்பவர்களும் பெருகியதுதான் காரணம். 2011 ஜனவரியில் முடிந்த ஓட்டெடுப்பில் 12 லட்சம் ஓட்டு விழுந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பழையபடி ஆபத்தைக் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

இங்கே என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். எந்தக் கேம் என்று சொல்லப்போவதில்லை. ஊர் திருநெல்வேலி, பிரௌசிங் சென்டரில் மணிக்கு 15 ரூபாய். மூன்று மாதம் சுரங்கம் வெட்டி, மீன் பிடித்து, காசு சேர்த்திருந்தேன். ஒருநாள் ஓர் அன்பர் வந்தார். எல்லைக்கு அப்பால் ஓர் இடம் இருக்கிறது, கையில் இருக்கும் மொத்தக் காசையும் எடுத்து வந்தால் இரண்டு மடங்காக்கித் தருவேன் என்றார். எல்லையில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. அதைத் தாண்டினால் யாரும் யாரையும் கொல்லலாம் என்று எழுதியிருந்தது. படித்தேன், தாண்டினேன். புதருக்குப் பின்னால் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. என் காசெல்லாம் தரையில் கிடந்தது, அதைக் குனிந்து பொறுக்கியவர் போகும்போது நன்றி என்று வேறு தட்டச்சு செய்தார். பக்கத்து நாற்காலியில் இருந்தவன் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து என் கணக்கே திறக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் யாரோ தட்டெழுத்தைப் பதிவுசெய்யும் மென்பொருளைப் போட்டு வைத்திருந்தார்கள். அன்றைக்கு இழந்தது முதல் தடவை இழந்ததைவிடக் குறைவு, ஏனென்றால் மிச்சம் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு நடந்துபோகும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன், இவனாக இருக்குமோ, அவனாக இருக்குமோ என்று. லீவார்டன் தீர்ப்பைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது, அந்த இரண்டு மாலைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரோ எனக்குச் சட்ட மொழியில் எழுதிக் கொடுத்ததுபோல இருந்தது.

எல்லைப் பலகையை உலகத்தின் வாசலிலேயே நட்டுவைத்த கேம் ஒன்று உண்டு. ஐஸ்லாந்து நிறுவனமான சி.சி.பி. 2003இல் வெளியிட்ட ஈவ் ஆன்லைன். விண்வெளி, கப்பல், வணிகம். ஏமாற்றுவதும் நம்பிக்கைத் துரோகமும் அங்கே ஆட்டத்தின் பாகம். பாதுகாப்பான பகுதியில் உங்கள் கப்பலை யாராவது சுட்டால் கான்கார்டு என்ற காவல் படை வந்து சுட்டவன் கப்பலைச் சிதறடிக்கும். உங்கள் கப்பல் திரும்ப வராது. 2005இல் ஒரு குழு, கூலி வாங்கிக்கொண்டு, எதிரி நிறுவனம் ஒன்றில் தன் ஆட்களை வேலைக்குச் சேர்த்தது. ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட நல்ல பிள்ளைகளாக வேலை பார்த்துப் பதவி உயர்வு வாங்கினார்கள். பிறகு ஒரே நேரத்தில் பல கிடங்குகளைக் காலிசெய்து, அந்த நிறுவனத் தலைவியின் கப்பலையும் தகர்த்தார்கள். போன சொத்து கேம் காசில் 3,000 கோடிக்கு மேல். அன்றைய கணக்கில் சுமார் 16,500 டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. சி.சி.பி. ஒரு பைசாவைத் திருப்பித் தரவில்லை, ஒரு கணக்கையும் முடக்கவில்லை.

2009இல் அங்கே இன்னொன்று நடந்தது. ஆட்டக்காரர்களே நடத்திய வங்கி ஒன்றின் நிர்வாகி, ஆஸ்திரேலியர், வைப்புத்தொகையிலிருந்து 20,000 கோடி கேம் காசை எடுத்து வெளியாள் ஒருவருக்கு விற்றார். கிடைத்தது சுமார் 6,300 ஆஸ்திரேலிய டாலர். வீடு வாங்க முன்பணமும் மகனின் மருத்துவச் செலவும் என்று அவரே காரணம் சொன்னார். செய்தி பரவியதும் நிஜ வங்கியைப்போலவே பணம் எடுக்கக் கூட்டம் முண்டியடித்தது. அவரைச் சி.சி.பி. நீக்கியது. எதற்காக? வங்கியைச் சுரண்டியதற்காக இல்லை. கேம் காசை நிஜக் காசுக்கு விற்றதற்காக. சுரண்டியது ஆட்டத்துக்கு உள்ளே, விற்றது வெளியே. இந்தக் கோட்டை இத்தனை கறாராக வைத்திருப்பதற்காக அந்த நிறுவனத்தை மதிக்கிறேன், அங்கே போய் ஆடமாட்டேன் என்றாலும்.

நிறுவனம் என்று வந்துவிட்டோம். தொலைந்த பொருளுக்கு யார் பொறுப்பு? ஒப்பந்தத்தைக் கேட்டால் சுலபமான பதில் கிடைக்கும்: யாரும் இல்லை. எல்லாம் நிறுவனத்தின் சொத்து, உங்களுக்கு இருப்பது உபயோகிக்கும் உரிமம், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வோம், இழப்புக்குப் பொறுப்பல்ல. விற்கும்போது மட்டும் பொத்தானில் ‘வாங்கு’ என்று எழுதியிருக்கும். காசு வரும் வாசலில் அது சொத்து, புகார் வரும் வாசலில் அது புகை. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, உரிமம் மட்டும் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்று போடக் கூடாது. சொல்லை நேராக்கியிருக்கிறார்கள். பொறுப்பு இன்னும் நேராகவில்லை.

அதை நேராக்க முயன்றது பெய்ஜிங்கில் ஒரு மாவட்ட நீதிமன்றம். ‘செந்நிலா’ என்று பொருள்படும் பெயருடைய கேமில் இரண்டு வருஷமும் சுமார் 10,000 யுவானும் செலவழித்த ஓர் இளைஞரின் ஆயுதங்கள் 2003இல் காணாமல் போயின. எடுத்தவன் யார் என்று நிறுவனத்திடம் கேட்டார், அடுத்த வாடிக்கையாளரின் விவரத்தைத் தர முடியாது என்றார்கள். போலீசும் கைவிரித்தது. அவர் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். அதே வருஷம் டிசம்பரில் தீர்ப்பு: சர்வரில் ஓட்டை இருந்தது, அதை வைத்திருந்தது நிறுவனம், பொருளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். பெட்டியும் பூட்டும் யாரிடம் இருந்ததோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வங்கி லாக்கர் வைத்திருப்பவர்கள் யாரும் இதற்குமேல் கேட்பதில்லை.

கைவிரித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சீனாவிலேயே சாட்சி இருக்கிறது. ஷாங்காயில் ஒருவர் லெஜண்டு ஆஃப் மிர் 3 கேமில் தன்னிடம் இருந்த வாளை நண்பரிடம் இரவல் கொடுத்தார். நண்பர் அதை 7,200 யுவானுக்கு விற்றுவிட்டார். கொடுத்தவர் போலீசிடம் போனார், இல்லாத பொருளுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர் நண்பரின் வீட்டுக்குப் போய் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். 2005இல் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை. வாள் இல்லை என்று சொன்ன சட்டம், அந்த 7,200 யுவான் இருந்ததைக் கண்டுகொள்ளவில்லை. கொலைக்கு இது நியாயம் ஆகாது. ஆனால் அந்தப் போலீஸ் மேஜையில் யாராவது ஒருவர் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்திருந்தால் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். இப்போது சீனாவின் குடிமைச் சட்டம் 127ஆம் பிரிவில் இணையத்தில் உள்ள மெய்நிகர் சொத்து என்ற சொல்லையே எழுதி வைத்திருக்கிறது.

நம்மூரில் ஆட்டம் வேறு மாதிரி. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜியைத் தடைசெய்தார்கள். அக்டோபர் 30உடன் சர்வரும் நின்றது. காசு கொடுத்து வாங்கிய சட்டை, துப்பாக்கி வண்ணம் போன்ற ஸ்கின்கள் எல்லாம் ஒரே இரவில் போயின. திருடனும் இல்லை, ஓட்டையும் இல்லை, ஓர் அரசாணை. அடுத்த வருஷம் வேறு பெயரில் வந்தபோது பழையதை மாற்றிக்கொள்ளக் கொஞ்ச நாள் அவகாசம் தந்தார்கள். அது சலுகையாகத்தான் வந்தது, உரிமையாக வரவில்லை.

போன வருஷம் ஒரு தாயும் பிளஸ் டூ படிக்கும் மகனும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். பையன் டெலிகிராமில் ஒருவரிடம் 8,000 ரூபாய்க்கு ஒரு கேம் ஐடி வாங்கியிருக்கிறான். ஜிபே செய்தாகிவிட்டது. பத்து நாள் ஆடினான். பதினோராம் நாள் விற்றவன், பழைய மின்னஞ்சலை வைத்து பாஸ்வேர்டை மாற்றி ஐடியைத் திரும்ப எடுத்துக்கொண்டான். ஐடி விற்பதே கேமின் விதிப்படி தப்பு, அதனால் நிறுவனத்திடம் போக வழியில்லை. நான் ஏமாற்றுதலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி-யும் போட்டு மனு எழுதினேன். 66சி அடுத்தவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்துவதற்கு, மூன்று வருஷம் வரை சிறை. பாஸ்வேர்டு அங்கே யாருடையது என்று எதிர்த்தரப்பு கேட்கும், கேட்கட்டும்.

ஸ்டேஷனில் ஆய்வாளர் பொறுமையாகத்தான் படித்தார். “பணம் போனது புரியுது சார். இந்தப் பொருள் மதிப்புன்னு தனியா ஒரு பட்டியல் வெச்சிருக்கீங்களே, இதை நான் எப்படி எழுதுறது?” என்றார். அந்த அம்மா, “அவன் காது குத்துக்கு வந்த மொய்யில சேர்த்து வெச்ச காசு ஐயா” என்றார். அது பதில் இல்லைதான். அறையில் எல்லோரும் கொஞ்சம் பேசாமல் இருந்தோம். பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த இளம் காவலர் எழுந்து வந்து, பட்டியலை எட்டிப் பார்த்தார். மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

“சார், இந்த ஸ்கின் இப்ப கடையிலயே வர்றதில்ல. எட்டாயிரம் கம்மி.”

ஆய்வாளர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார்.